பேச்சு நின்றுபோகும் நாளுக்கான ஏற்பாடு: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆட்டிசம் உள்ளவர்கள் மனநல நெருக்கடியில் உதவி பெறும் வழி

இந்த நேரத்திலேயே உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு இருந்தால் மீதியைப் படிக்க வேண்டாம். அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள். பேச வரவில்லை என்றால் வீட்டில் இருப்பவரிடம் இந்த வரியைக் காட்டி அழைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே எதையாவது சாப்பிட்டுவிட்டீர்கள், காயப்படுத்திக்கொண்டீர்கள் என்றால் 108. வலி இல்லை, மயக்கம் இல்லை என்று காத்திருக்காதீர்கள். உள்ளே போன பொருள் சில சமயம் முதல் நாள் ஒன்றும் காட்டாது.

மற்றவர்களுக்கு இது நல்ல நாளில் செய்துவைக்க வேண்டிய வேலைகளின் வரிசை.

நான் பாலக்கோடு பக்கம். மாம்பழக் கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது 31 வயதில். அதற்குள் இரண்டு முறை நெருக்கடி வந்து போயிருந்தது. அதன்பிறகு இரண்டு மாவட்டத்திலும் ஏழெட்டுப் பேரோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போயிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான். உதவி கேட்கும் ஒவ்வொரு வாசலிலும் வாயைத் திறந்து பேச வேண்டும். நமக்கோ நெருக்கடியில் முதலில் போவது பேச்சு. அதனால் கீழே உள்ள ஒன்பது படிகளில் முதல் ஐந்தும் பேச்சு இருக்கும்போதே முடிக்க வேண்டியவை.

1. எது நெருக்கடி, எது இல்லை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்

இதைப் பிரிக்காவிட்டால் இரண்டு பக்கமும் தப்பு நடக்கும். வெறும் மெல்ட்டவுனுக்கு ஊசி போட்டுப் படுக்க வைப்பார்கள். உண்மையான ஆபத்தை "இவ எப்பவும் இப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள்.

சத்தம், வெளிச்சம், கூட்டம், திடீர் மாற்றம் எல்லாம் சேர்ந்து தாங்க முடியாமல் போகும்போது வெடிப்பது மெல்ட்டவுன். அழுகை, கத்தல், தலையில் அடித்துக்கொள்ளுதல். காரணத்தை அகற்றி, விளக்கை அணைத்து, யாரும் பேச்சுக் கொடுக்காமல் விட்டால் தணிந்துவிடும். தலையில் பலமாக அடிபட்டிருந்தால் ஒழிய ஆஸ்பத்திரி வேண்டாம். ஷட்டவுன் இதற்கு நேர்மாறு: பேச்சு நின்று, உடம்பு கனத்து, உள்ளுக்குள் மூடிக்கொள்வது. அதுவும் பெரும்பாலும் தூங்கி எழுந்தால் விலகும்.

வாரக்கணக்கில் நீளும் சோர்வு வேறு சங்கதி. நேற்றுவரை செய்த வேலைகள், பஸ் ஏறுவது, குளிப்பது, சோறு வடிப்பது, ஒவ்வொன்றாகக் கைநழுவும். அன்றைக்கே ஆபத்து இல்லை. ஆனால் என் இரண்டு நெருக்கடியும் இதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தன. இந்தக் கட்டத்திலேயே படி 4க்குப் போய்விடுங்கள்.

நெருக்கடி என்று நான் சொல்வது இவற்றை: சாக வேண்டும் என்ற எண்ணம் வந்து அதற்கு வழியும் யோசிப்பது, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை தணியாமல் நீள்வது, இரண்டு மூன்று நாளாகத் தூக்கமே இல்லாதது, சோறு தண்ணீர் இறங்காமல், அசையாமல், வைத்த இடத்தில் வைத்த மாதிரி இருப்பது. கடைசியாகச் சொன்னதை ஷட்டவுன் என்று நினைத்து வீட்டிலேயே நாள் கடத்துகிறார்கள். கூடாது. அது கேட்டடோனியா என்ற நிலையாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பேசாத பிள்ளைகள், பெரியவர்கள் திடீரென்று முரடாகிவிட்டால் மனநல டாக்டருக்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, நான்கு நாளாக மலம் போகாதது, மாதவிடாய் வலி, வலிப்பு. வாயால் சொல்ல முடியாத வலி கையால் வெளியே வரும்.

வேப்பிலை அடிப்பது, தாயத்து கட்டுவது பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "அதையும் பண்ணிக்கலாம், முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றால் வேலை நடக்கும். உடுக்கைச் சத்தமும் புகையும் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருப்பவரை இன்னும் தள்ளிவிடும் என்பதை மட்டும் காதில் போட்டுவையுங்கள்.

2. ஒரு பக்கத்தில் தாள் எழுதுங்கள்

எல்லாப் படியிலும் முக்கியமானது இதுதான். கேஷுவாலிட்டியில் இருப்பவருக்கு உங்களைப் படிக்க அரை நிமிடம் கிடைக்கும். அந்த அரை நிமிடத்துக்கு எழுதுங்கள், உங்கள் வாழ்க்கைக்கு அல்ல. அரூர் பக்கத்துத் தம்பி ஒருவர் பதினோரு பக்கம் எழுதி ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்தார். நர்ஸ் அதை மேசையில் வைத்து, மேலே தண்ணீர் பாட்டிலை வைத்தார்.

என் தாளில் மேலே பெயர், வயது, இரத்த வகை, அண்ணியின் எண். அதற்குக் கீழே இப்படி இருக்கிறது:

"எனக்கு ஆட்டிசம். பேச்சு நின்றாலும் காது கேட்கும், சொல்வது புரியும். எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் தருவேன்.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பதிலுக்கு ஒரு நிமிடம் காத்திருக்கவும்.

தொடுவதற்கு முன் சொல்லவும். பின்பக்கமிருந்து பிடிக்க வேண்டாம்.

கண்ணைப் பார்க்க மாட்டேன்; மரியாதைக் குறைவு இல்லை. கையை உதறுவது என்னை அமைதிப்படுத்த. நிறுத்தச் சொல்ல வேண்டாம்.

என் முகம் என் நிலையைக் காட்டாது. சிரித்தாலும் நான் எழுதியிருப்பது உண்மை."

பிறகு, சாப்பிடும் மாத்திரைகள் மில்லிகிராம் அளவோடு, ஒத்துக்கொள்ளாத மருந்து, வலிப்பு உண்டா இல்லையா, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர். கடைசியில் தேதி.

முகம் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். பதற்றத்தில் எனக்குச் சிரிப்பு வரும். சாக நினைத்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னால் யார் நம்புவார்கள்?

பின்பக்கம் இதையே ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. பார்த்து எழுத வசதி. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்கள் பெங்களூரு போக நேரலாம், அங்கேயும் உதவும். லேமினேட் செய்யாதீர்கள், மாத்திரை மாறினால் திருத்த முடியாது. பிளாஸ்டிக் கவர் போதும். போனில் மட்டும் வைப்பது பெரிய தப்பு. சார்ஜ் இருக்காது, லாக் திறக்கத் தெரியாது, இல்லை போனையே யாராவது வாங்கி வைத்துக்கொள்வார்கள். மூன்று நகல்: பர்ஸில் ஒன்று, வீட்டு பீரோவில் ஒன்று, கூட வருபவரிடம் ஒன்று.

3. கூட வரும் ஆளைத் தேர்ந்து, எழுத்தில் நியமியுங்கள்

பாசமானவரைத் தேடாதீர்கள், பதறாதவரைத் தேடுங்கள். என் அம்மாவுக்கு என்மேல் உயிர். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிடுவார். பிறகு நர்ஸ்கள் அவரைத்தான் தேற்ற வேண்டியிருக்கும். அண்ணி அப்படியில்லை. பேப்பரை நீட்டி, "இதைப் படிச்சிட்டு அப்புறம் கேளுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நிற்பார். அம்மாவுக்கு இதில் வருத்தம்தான். இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 14இன் கீழ் இவரை உங்கள் நியமனப் பிரதிநிதியாக நீங்களே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி உங்கள் கையெழுத்தோ கைரேகையோ இருந்தால் போதும். ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி எதுவும் வேண்டாம். அவர் 18 வயது நிரம்பியவராக, சம்மதத்தை எழுத்தில் தருபவராக இருக்க வேண்டும். நாளைக்கு மனம் மாறினால் வேறொருவரை நியமிக்கலாம்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நியமிக்காவிட்டால் அந்த இடம் உறவினருக்குப் போகும். அன்றைக்கு யார் கூட வந்தாரோ, யார் சத்தமாகப் பேசினாரோ, அவர் சொல்வதே நடக்கும். எந்தச் சித்தப்பா என்று உங்களுக்கே தெரியும்.

சிகிச்சை எப்படி வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு விதிகளில் தனிப் படிவம் உண்டு, கொஞ்சம் அலைச்சல். முதலில் பிரதிநிதியை நியமித்துவிடுங்கள், இது பிறகு.

4. நல்ல நாளில் ஒருமுறை ஓ.பி.க்குப் போய் வாருங்கள்

ஏற்கெனவே ஓ.பி. சீட்டும் பழைய குறிப்பும் இருப்பவரை நெருக்கடி நாளில் பார்க்கும் விதமே வேறு. முதல் முறை பார்ப்பவருக்கு உங்கள் கை உதறலும் நோய், பேசாததும் நோய். உங்களை அமைதியாகப் பார்த்திருக்கும் டாக்டருக்குத்தான் இன்று எது புதிது என்று தெரியும்.

தருமபுரியில் நேதாஜி பைபாஸ் ரோட்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இங்கே ஒரு சின்னக் கண்ணி உண்டு. ஆட்டோக்காரரிடம் "ஜி.ஹெச்." என்று மட்டும் சொன்னால் நகருக்குள் இருக்கும் பழைய ஆஸ்பத்திரி வாசலில் இறங்க நேரும். "போலுப்பள்ளி மெடிக்கல் காலேஜ்" என்று சொல்லுங்கள். நெருக்கடியில் இடம் மாறி இறங்கினாலே நம்மில் பலருக்கு அன்றைய தெம்பு முடிந்துவிடும்.

அவ்வளவு தூரம் முடியாதவர்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் வட்டார மருத்துவமனைகளுக்கு வருவார். பென்னாகரம், அரூர், ஓசூர், ஊத்தங்கரை எங்கே இருந்தாலும் "மனநல டாக்டர் என்னைக்கு வர்றாருங்க?" என்று ஓ.பி. கவுண்டரில் கேட்டுக் கிழமையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் முதலில் காட்டலாம்.

இந்த முதல் பயணத்தில் நோட்டம் பார்ப்பதும் ஒரு வேலை. கேஷுவாலிட்டி எந்த வாசல், மனநலப் பிரிவு எந்த மாடி, எந்த வராண்டாவில் மின்விசிறி கிறீச்சிடுகிறது, எங்கே போய் நின்றால் கூட்டம் குறைவு. அண்ணி இதையெல்லாம் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். தெரிந்த இடம் பாதி பயத்தைக் குறைக்கும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் கையில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் பிரிவு 25 மருத்துவமனையில் முன்னுரிமை தரச் சொல்கிறது. வரிசையில் நின்றுகொண்டு சட்டம் பேசாதீர்கள். அட்டையைக் காட்டி, "கூட்டத்துல நிக்க முடியாதுங்க, வெளியே உக்காந்திருக்கோம், முறை வந்தா கூப்பிடுறீங்களா?" என்று கூட வந்தவர் கேட்கட்டும். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அட்டை இல்லாதவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். அட்டை வரும்வரை மற்ற படிகளை நிறுத்தி வைக்காதீர்கள். நிறையப் பேர் அதற்காகவே காத்திருக்கிறார்கள்.

5. போனை ஒத்திகை பாருங்கள், ஆபத்தான பொருளைப் பூட்டுங்கள்

14416 என்பது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். முதலில் ஆலோசகர், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் மாற்றுவார். இது கிடைக்காவிட்டால் 1800 891 4416, அதே சேவைதான். தமிழ்நாடு அரசின் 104லும் மனநல ஆலோசனை உண்டு. சென்னை சினேகா, 044 2464 0050, தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர் பேசுவதைக் கேட்கவே நடத்தப்படுவது. போனில் பேச வராதவர்கள் மின்னஞ்சலிலும் எழுதலாம். பிள்ளைகளுக்கு 1098.

நல்ல நாளில் ஒருமுறை 14416க்கு அழைத்துப் பாருங்கள். "தூக்கம் சரியில்லை" என்பது அழைக்கப் போதுமான காரணம்தான். கணினிக் குரல் எப்போது மொழி கேட்கிறது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அழும்போதும் விரல் தானாக அழுத்தும்.

பேசத் தொடங்கியதும் இதைப் பார்த்துப் படியுங்கள்: "எனக்கு ஆட்டிசம். எழுதி வைத்ததைப் படிக்கிறேன். நடுவில் அமைதியாகிவிட்டால் லைனில்தான் இருக்கிறேன், வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள்." எதிர்முனையில் சிலர் "மனசைத் தளர விடாதீங்க" என்று பொதுவாகப் பேசுவார்கள். கோபப்பட்டு வைத்துவிட வேண்டாம். "எனக்கு இப்ப என்ன செய்யணும்னு வரிசையா சொல்லுங்க" அல்லது "மனநல டாக்டர்கிட்ட மாத்துங்க" என்று கேட்கலாம். பேச்சே வராதவருக்காகக் கூட இருப்பவர் பேசலாம், ஸ்பீக்கரில் போட்டு நீங்கள் தலையாட்டினால் போதும்.

பூட்டும் வேலை வீட்டாருடையது. விவசாய வீடுகளில் பூச்சிமருந்து திண்ணையிலும் கொட்டகையிலும் கிடக்கும். அதையும் வீட்டில் சேர்ந்துபோன மாத்திரைகளையும் பங்காளி வீட்டிலோ தோட்டத்து அறையிலோ பூட்டி, சாவியை இன்னொருவர் வைத்திருக்கட்டும். சாக வேண்டும் என்ற உந்துதல் உச்சத்தில் நிற்கும் நேரம் பல சமயம் கொஞ்சம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துவிடுகிறார்கள். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று எனக்கும் கோபம் வந்தது. இப்போது தைப்பொங்கலுக்குத் தோட்ட அறை திறக்கும்போதுகூட நானே தள்ளி நின்றுகொள்கிறேன்.

6. நெருக்கடி நாளில் இந்த வரிசை மாறக் கூடாது

முதலில் இடத்தை அமைதியாக்குங்கள். டிவி, டியூப்லைட், வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கம் மூன்றும் வெளியே. ஒருவர் மட்டும் பேசட்டும், அதுவும் குட்டி வாக்கியமாக. ஆறுதல் சொல்கிறேன் என்று ஆறு பேர் பேசினால் அதுவே அடுத்த மெல்ட்டவுன்.

இரண்டாவது, ஆபத்தான பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆளைத் தனியே விடக் கூடாது. அதற்காக ஒட்டி உட்கார வேண்டியதில்லை. கதவு திறந்திருக்க, கண்ணில் படும்படி இருந்தால் போதும்.

மூன்றாவது, தாளை எடுப்பது. அதன்பிறகுதான் போன். பலரும் முதலில் போனை எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் கேட்கும் மாத்திரைப் பெயர் தெரியாமல் பீரோவைக் குடைகிறார்கள். உடலுக்கு ஆபத்து வந்துவிட்டால் மட்டும் இந்த வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக 108.

108இல் பேசும்போது அஞ்செட்டி, தளி மாதிரி எல்லையோர ஊர்க்காரர்கள் "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போன் கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு. "ஆளுக்கு ஆட்டிசம், தெருவுக்குள்ள வந்ததும் சைரனை நிறுத்திடுங்க" என்றும் கேட்டுவையுங்கள்.

உயிர் ஆபத்து இல்லை, சொந்த வண்டியில் போகலாம் என்றால் பை: காதை அடைக்கும் ஹெட்போன், குடிக்கப் பழகிய பாட்டில், மெத்தென்ற துண்டு, பழைய ஓ.பி. சீட்டுகள், வழக்கமாகச் சாப்பிடும் ஏதாவது ஒன்று. நான் பிஸ்கட் எடுத்துக்கொள்வேன், ஒரே பிராண்டு, ஒரே கலர் கவர். வார்டில் தரும் சாப்பாடு எப்படியிருந்தாலும் அன்றைக்கு எனக்கு இறங்காது.

எங்கே போவது? முதலில் பக்கத்து அரசு மருத்துவமனை. விஷம், இரத்தம், வலிப்பு என்றால் வேறு யோசனையே கூடாது. உடம்பு நிலையாக இருந்து, மனநிலைதான் பிரச்சினை என்றால் ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூருவின் பெரிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் கிட்டத்தில். ஓசூரிலிருந்து போகும் அதே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது, அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. வழியில் வரும் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைக் கணக்கில் வையுங்கள். அந்த ஹாரன் சத்தத்தில் ஒரு மணி நேரம் சிக்குவது நம் ஆட்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. தருமபுரிக்குத் தெற்கே இருப்பவர்களுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வசதி.

7. டாக்டரின் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது

இதை நான் தலைகீழாகக் கற்றுக்கொண்டேன். ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "யாராவது பேசுற மாதிரி சத்தம் கேக்குதாம்மா?"

"கேக்குது சார்."

"என்ன சொல்றாங்க?"

"தக்காளியைக் கிலோ நாலு ரூபாய்க்குக் கேக்குறான், பறிக்கிற கூலிக்கே கட்டாதுன்னு சொல்றாங்க."

ஜன்னலுக்கு வெளியே, வராண்டாக் கடைசியில் பாலக்கோடு மார்க்கெட்டுக்காரர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்கு அது காதில் விழவே இல்லை, எனக்கு அது மட்டும்தான் விழுந்தது. அவர் எழுதிக்கொண்டார். குரல் கேட்பவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையோடு வீட்டுக்கு வந்தேன். பதினைந்து நாள் ஓரிடத்தில் உட்கார முடியாமல் ராத்திரி முழுக்க வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். அண்ணிதான் திரும்ப அழைத்துப்போய் தக்காளிக் கதையைச் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார்.

அவர் மேல் தப்பில்லை. கேள்வியின் பொருள் வேறு, நான் சொன்ன பதில் வேறு. அந்தக் கேள்வி கேட்பது, பக்கத்தில் இருக்கும் யாருக்கும் கேட்காத குரல் உங்களுக்கு மட்டும் கேட்கிறதா என்பதை. சந்தேகம் வந்தால் "நிஜமா வெளியில பேசுறவங்க சத்தமா, இல்ல எனக்கு மட்டும் கேக்குற குரலா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு பொறி: "சாகணும்னு எண்ணம் இருக்கா?" அந்த நொடியில் இல்லை என்பதால் "இல்லை" என்று சொல்லிவிடுவோம். டாக்டர் கேட்பது இந்த நொடியை அல்ல, இந்த வாரத்தை, இந்த மாதத்தை. "இப்ப இல்ல. திங்கட்கிழமை ராத்திரி இருந்துச்சு. எப்படின்னும் யோசிச்சேன்" என்று நாளோடு சொல்லுங்கள். மிகைப்படுத்துகிறோமோ என்று தயங்காதீர்கள். 2014இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், பெரியவர்களான பிறகு ஆஸ்பெர்கர் (ஆட்டிசத்தின் ஒரு வகை) என்று கண்டறியப்பட்ட 374 பேரிடம் கேட்டதில் 66 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்று சொன்னார்கள். நம்மிடையே இது அபூர்வம் இல்லை.

"எப்படி ஃபீல் பண்றீங்க?" என்ற கேள்விக்கு என்னிடம் பதிலே கிடையாது. உணர்ச்சிக்குப் பெயர் வைக்க வராது. அதனால் எண்களாகக் கொடுக்கிறேன்: நேற்று தூங்கியது இரண்டு மணி நேரம், சாப்பிட்டது ஒரு வேளை, குளித்து ஆறு நாள், வேலைக்குப் போகாதது ஒன்பது நாள், வழக்கமாகப் போடும் கோலத்தை விட்டது மூன்று வாரம். டாக்டருக்கும் இது எழுத எளிது.

புது மாத்திரை எழுதினால் "குறைஞ்ச அளவுல ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேளுங்கள். நம்மில் பலருக்குப் பக்கவிளைவு பலமாக இருக்கிறது. மாத்திரை தொடங்கிய பின் உட்கார முடியாத தவிப்பு வந்தால் அதை "பதற்றம் கூடிடுச்சு" என்று எடுத்துக்கொண்டு அளவை ஏற்றிவிடக்கூடும். மாத்திரைக்கு முன்னால் அது இல்லை, பின்னால்தான் வந்தது என்று தேதியோடு சொல்லுங்கள்.

8. அட்மிஷன் என்றால்

எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்களே சம்மதித்துச் சேர்ந்தால் அது மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 86. போக வேண்டும் என்றால் கேட்கலாம், ஆபத்து இருக்கிறது என்று நினைத்தால் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்க முடியும். உங்களால் முடிவெடுக்க முடியாத நிலையில் பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்ப்பது பிரிவு 89. அது 30 நாள் வரை. மனநலப் பிரிவு இல்லாத இடத்தில் அவசரமாகத் தரும் சிகிச்சைக்கு 72 மணி நேரம் எல்லை.

கட்டிப்போடுவது உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறைக்காகவோ கூடாது. சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. இதை வார்டில் சத்தம் போட்டுச் சொன்னால் எதிரியாகிவிடுவோம். "கட்டினா இன்னும் மோசமாகும்ங்க, ஓரமான கட்டில் குடுத்துப் பாருங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று அண்ணி மாதிரி சொன்னால் நடக்கும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாத வீடுகள் இங்கே உண்டு. காவல்துறைக்குத் தெரிவிக்கும் எம்.எல்.சி. பதிவு போடுவார்கள், காவலர் வந்து விசாரிக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 115இன்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. விசாரணைக்கு வருபவரிடமும் முதலில் தாளை நீட்டுங்கள். கண்ணைப் பார்க்காமல் பேசுபவரைச் சந்தேகப்படுவது அவர்களுக்குப் பழக்கம்.

9. வீடு திரும்பிய பிறகு

டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்து வரவேண்டிய தேதி இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்குள் ஒரு தேதி கேட்டு வாங்குங்கள். வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம். அப்போதுதான் வீட்டில் "சரியாயிடுச்சு" என்று பூட்டுகளைத் திறந்துவிடுகிறார்கள். நலம் விசாரிக்க வரும் உறவினரை ஒரு மாதத்துக்கு வாசலோடு அனுப்புங்கள். காப்பி கொடுத்து அனுப்பினால் போதும், உங்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் அதைத் தாளில் எழுதி அடுத்த தேதிக்குக் கொண்டுபோங்கள்.

வேலைக்கு அரை நாளாகத் திரும்புங்கள். எனக்கு மே முதல் ஜூலை வரை மாம்பழ சீசன். மில் இரவும் பகலும் ஓடும், அந்த இரைச்சலிலேயே என் இரண்டு நெருக்கடியும் தொடங்கின. இப்போது அந்த மூன்று மாதமும் பின்பக்க குடோன் அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள், கேட்பதற்கு எனக்குத்தான் நான்கு வருடம் ஆனது.

கடைசி வேலை, தாளைத் திருத்துவது. இந்த முறை எது உதவியது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எந்த வரியை யாருமே படிக்கவில்லை என்று பார்த்து மாற்றுங்கள். புதுத் தேதி போட்டு மூன்று நகலையும் மாற்றிவிட்டுப் பழையதைக் கிழித்துவிடுங்கள். பழைய நகலில் இருக்கும் பழைய மாத்திரையை யாராவது எழுதிவிடக்கூடும். என் பர்ஸில் இப்போது இருப்பது ஒன்பதாவது. தக்காளி பற்றி அதில் ஒரு வரி இருக்கிறது.